நசரத்பேட்டை: கொசுவோட கண்ணால ஒரு ஹைவே டூர்!

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறுங்க. ஜன்னலோர சீட் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஃபுட்போர்டுக்குப் பக்கத்தில்தான் இடம் என்றாலும் கவலை வேண்டாம், ரொம்பத் தூரமில்லை. 'நசரத்பேட்டையெல்லாம் எறங்கு!' என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் இறங்கிடுங்க.

"இங்க பார்க்க என்னங்க இருக்கு?" என்பதுதானே உங்க கேள்வி? நியாயம்தான். கோட்டை, அருவி, பீச் எதுவும் கிடையாது. சென்னை - பெங்களூர் ஹைவேயும் அவுட்டர் ரிங் ரோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற இடம். ராத்திரி பகல் பார்க்காத லாரிகள். காலேஜ் பஸ்கள். ஹாஸ்டல்கள். பஞ்சர் கடைகள், மெக்கானிக் ஷெட்கள். கட்டி முடிக்காத அபார்ட்மென்ட்கள். கொஞ்சம் தள்ளினால் செம்பரம்பாக்கம் ஏரி. தலையை நிமிர்த்திப் பார்த்தால், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கறுப்புக் கறுப்பா பிளாஸ்டிக் டேங்க்!

இதே லிஸ்ட்டை ஒரு கொசுவிடம் கொடுத்துப் பாருங்க. "அடேங்கப்பா, இது ஊரா... ஃபைவ் ஸ்டார் ஓட்டலா?" என்று கேட்கும். அதனால் இன்றைக்கு இந்த ஊரை அதோட கண்ணால சுற்றிப் பார்ப்போம். வழியில் ஒரு தள்ளுவண்டித் திராட்சைக் கடையும் இருக்கிறது. ரெடியா?

ஒரே ரூட்டில் ஆராய்ச்சி ஊர்கள்

முதலில் மேப்பைப் பாருங்க. நீங்கள் நிற்கிற ரோடு தேசிய நெடுஞ்சாலை 48. பழைய பெயர் என்.ஹெச்-4. இந்த ரோட்டிலும் இதற்குப் பக்கத்திலும்தான், பூச்சிகளால் மனிதனுக்கு வரும் நோய்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த முக்கியமான ஆராய்ச்சிகளில் பல நடந்திருக்கின்றன.

நசரத்பேட்டைக்குக் கிழக்கே போனால் கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட். 1899-ல் தொடங்கியது. அம்மைத் தடுப்பூசி மருந்துக்காக ஆரம்பித்த இடம், பின்னால் வைரஸ்களைத் தேடும் கூடமாக வளர்ந்தது. வடக்கே திரும்பினால் அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கம். அங்கே ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆராய்ச்சிக் களப்பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் ஒன்றாக்கி 1999-ல் உருவாக்கியது. அந்த வளாகத்தில் இருந்துதான் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவும் வேலை பார்த்தது.

இப்போ மேற்கே வாங்க. இதே ஹைவேயில் நேரே போனால் வேலூர். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூர் வட்டாரத்தில். நெல் வயல் தண்ணீரில் வளர்கிற க்யூலெக்ஸ் வகைக் கொசுக்கள் பரப்புகிற நோய் அது. இன்னும் மேற்கே போனால் ஓசூர். தமிழ்நாடு அரசின் பொது சுகாதாரத் துறை நடத்துகிற பூச்சிக் கட்டுப்பாடு மற்றும் விலங்குவழி நோய் நிறுவனம் அங்கே இருக்கிறது.

ஆக, நீங்கள் தினமும் தூங்கி வழிந்துகொண்டே காலேஜுக்குப் போகிற ரோடு, ஒரு வகையில் கொசு ஆராய்ச்சியின் மெயின் ரோடு!

டேங்க்கில் பிறந்த வில்லன்

முதல் ஸ்டாப், மொட்டை மாடி. டேங்க் மூடி சரியாக உட்காரவில்லையா? கொஞ்சம் விரிசலா? வில்லனுக்கு அது போதும். பெயர், அனாஃபிலஸ் ஸ்டீபன்சி. 1901-ல் லிஸ்டன் என்ற மருத்துவர், ஸ்டீபன்ஸ் என்ற மலேரியா ஆராய்ச்சியாளரின் பெயரில் இதற்கு நாமகரணம் செய்தார்.

மலேரியாக் கொசு என்றாலே காடு, மலை, ஓடை என்றுதான் நினைப்போம். இந்த ஆள் அப்படியில்லை. பக்கா சிட்டி பார்ட்டி! சுத்தமான தண்ணீர் வேண்டும். கிணறு, மேல்நிலைத் தொட்டி, சம்ப், கட்டடம் கட்டுகிற இடத்தில் சிமென்ட் தொட்டி... இதெல்லாம் அதற்குச் சொந்த வீடு. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும் பங்கு பல வருஷங்கள் சென்னையிலிருந்தே வந்ததற்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு சுவாரசியம் கேளுங்க. எல்லா ஸ்டீபன்சியும் ஒரே ரகம் கிடையாது. இதன் முட்டை தண்ணீரில் மிதப்பதற்கு இரண்டு பக்கமும் குட்டி மிதவை உண்டு. அந்த மிதவையில் இருக்கும் வரிகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தார்கள் ஸ்வீட், ராவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 1937-ல் முடிவைச் சொன்னார்கள்: வரி அதிகமுள்ளது ஒரு ரகம், குறைவானது இன்னொரு ரகம். குறைவான ரகத்துக்கு நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்தான், 'மைசூரென்சிஸ்'! பிற்பாடு இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகமும் பிடிபட்டது. நகரத்தில் மலேரியாவை ஜோராகப் பரப்புவது வரி அதிகமுள்ள ரகம். கிராமத்து மைசூரென்சிஸ் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஒரு முட்டையின் வரியை எண்ணினால், எந்த ஊரில் மருந்தடிக்கும் காசைச் செலவழிக்கணும் என்று முடிவெடுக்கலாம். எண்ணுகிற வேலையைச் சாதாரணமா நினைக்காதீங்க!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள கனெக்‌ஷனைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மெட்ராஸுக்கு வந்தவர். 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். தன்னைக் கடிக்கவிட்ட நோயாளிக்கு ஒரு கொசுக்கடிக்கு ஓரணா வீதம் சம்பளம் கொடுத்தாராம்! 1902-ல் அவருக்கு நோபல் பரிசு. அந்தப் புள்ளி இறக்கைக் கொசு ஸ்டீபன்சியாக இருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள்.

சுதந்திரம் வாங்கிய சமயத்தில் நம் நாட்டில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகக் கணக்கு. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. அடித்தார்கள். 1961-ல் எண்ணிக்கை 50 ஆயிரத்துக்கும் கீழே! 'அவ்வளவுதான், ஒழிஞ்சுது' என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, 1976-ல் 64 லட்சமாகத் திரும்பி வந்தது. மருந்துக்குக் கொசு பழகிவிட்டது, கவனிப்பும் குறைந்துவிட்டது. நகரங்களுக்கென்று தனி மலேரியாத் திட்டம் 1971-லேயே வரவேண்டியிருந்தது. இன்று தமிழ்நாட்டில் வருஷத்துக்குச் சில நூறு பேருக்குத்தான் மலேரியா. ஆனால், 1961-ன் கதையை மறக்காமல் இருப்பது நல்லது.

ஆப்பிரிக்காவில் ஒரு ஹாஸ்டல்

'நம்ம ஊர்லதான் குறைஞ்சிடுச்சே, அப்புறம் என்ன?' என்கிறீர்களா? இந்தக் கொசு பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாடு போய்விட்டது. தெற்காசியாவும் அரபு நாடுகளும்தான் இதன் பூர்வீகம். 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தலைகாட்டியது. துறைமுக நாடு அது. அந்த வருஷம் அங்கே பதிவான மலேரியா 27. எட்டே வருஷத்தில், 2020-ல், 73 ஆயிரத்துக்கும் மேல்! 2016 கடைசியில் இலங்கையின் மன்னாரிலும் பிடிபட்டது. மலேரியா இல்லாத நாடு என்று இலங்கை சான்றிதழ் வாங்கிய அதே வருஷம்.

அடுத்தது உங்களுக்கான செய்தி. எத்தியோப்பியாவில் டிரே டாவா என்று ஒரு நகரம். 2019 முழுக்க அங்கே மலேரியா 205 பேருக்கு. 2022-ல் முதல் ஐந்து மாதத்திலேயே 2,400-க்கும் மேல். அதுவும் மழையே இல்லாத காலத்தில். ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போன இடங்களில் ஒன்று, அந்த ஊர் யுனிவர்சிட்டியின் ஆண்கள் ஹாஸ்டல்! நோய் வந்தவர்கள் இருந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் தொட்டிகளைப் பார்த்தார்கள். பிடித்த அனாஃபிலஸ் கொசுக்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஸ்டீபன்சி. ஆப்பிரிக்க நகரங்கள் முழுக்க இது பரவினால் 12 கோடிக்கும் அதிகமான பேருக்கு ஆபத்து என்று 2020-ல் வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டிருக்கிறது.

நசரத்பேட்டை ஹாஸ்டல் டேங்க்கையும் டிரே டாவா ஹாஸ்டல் டேங்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொசுவுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால்தான் சென்னைக் கிணறுகளிலும் டேங்க்குகளிலும் பல வருஷம் எட்டிப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளுக்கு இன்று ஆப்பிரிக்காவில் மதிப்பு கூடியிருக்கிறது.

பஞ்சர் கடையில் ஒரு வரலாறு

மாடியிலிருந்து இறங்கி ஹைவே ஓரம் வாங்க. பழைய லாரி டயர் அடுக்கி வைத்திருக்கும் இடத்தை எட்டிப் பாருங்க. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தால், டயருக்குள் ஒரு டம்ளர் தண்ணீராவது நிற்கும். அதில் நெளிகிற புழு தலைகீழாகத் தொங்கினால் அது அனாஃபிலஸ் இல்லை. அனாஃபிலஸ் புழு தண்ணீர் மட்டத்தோடு படுத்தபடி இருக்கும். தொங்குவது ஏடிஸாக இருக்க நிறைய வாய்ப்பு. வெள்ளை வரி போட்ட கால், பகலில் கடி. டெங்குவும் சிக்குன்குனியாவும் இதன் கைவரிசை.

இந்த ஏடிஸ் ஏஜிப்டியின் சரித்திரத்தை டி.என்.ஏ. வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். ஆதியில் ஆப்பிரிக்கக் காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் முட்டையிட்டு, மிருகங்களைக் கடித்துத் திரிந்தது. சுமார் 5,000 வருஷத்துக்கு முன்னால் சஹாரா பக்கம் பூமி காய ஆரம்பித்தது. மழையில்லாத மாதங்களில் மனிதன் பானையில் சேர்த்த தண்ணீர்தான் கதி. தண்ணீர் இருக்கும் இடத்தில் மனிதன் இருந்தான். மனித ரத்தத்துக்கு நாக்கு பழகிவிட்டது. அப்புறம் அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது. அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்கிறது மரபணுக் கணக்கு. முட்டை காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். கப்பல் பயணத்துக்கென்றே செய்த மாதிரி!

இங்கேதான் ஒரு சிக்கல். டெங்கு மாதிரியான காய்ச்சல் மெட்ராஸில் பரவியது 1780-ல் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. ஏடிஸ் ஏஜிப்டி வந்ததே அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துத்தான் என்றால், 1780-ல் பரப்பியது யார்? ஆசியாவிலேயே பிறந்து வளர்ந்த அதன் ஒன்றுவிட்ட சொந்தம், ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்ற புலிக் கொசு மேல் ஒரு சந்தேகம். 'மூட்டுவலியைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால் அது டெங்குவே இல்லை, சிக்குன்குனியா' என்று வாதாடுகிறவர்களும் உண்டு. கேஸ் இன்னும் முடியவில்லை. ஹிஸ்டரி படிக்கிறவர்களும் ஜுவாலஜி படிக்கிறவர்களும் ஒரே கேன்டீன் டேபிளில் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

அதற்குப் பிந்தைய கதை தெளிவு. 1964-ல் மெட்ராஸிலும் வேலூரிலும் சிக்குன்குனியா. பிறகு நாற்பது வருஷம் கப்சிப். 2006-ல், உங்களில் பலர் தொட்டிலில் இருந்த சமயத்தில், தெருத்தெருவாக ஆட்களை முடக்கிப்போட்டது. இரண்டும் ஒரே வைரஸின் வேறு வேறு ரகம். முதல் முறை ஆசிய ரகம், இரண்டாவது ஆப்பிரிக்க ரகம். 2017-ல் டெங்கு; தமிழ்நாட்டில் 23 ஆயிரம் பேருக்கு மேல். நிலவேம்புக் கஷாயத்துக்குக் க்யூவில் நின்றது ஞாபகம் இருக்கா?

தள்ளுவண்டி பிரேக்!

தாகமா? பூந்தமல்லி பக்கம் தள்ளுவண்டிகளில் இரண்டு வகைக் கறுப்புத் திராட்சை பார்க்கலாம். ஒன்று, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இன்னொன்று, இதே ஹைவேயின் அந்தக் கோடியிலிருந்து வருகிற பெங்களூர் ப்ளூ.

கொசுவுக்குப் போட்ட அதே டி.என்.ஏ. கணக்கைத் திராட்சைக்கும் போட்டிருக்கிறார்கள். 2023-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 3,500-க்கும் அதிகமான கொடிகளின் மரபணுவைப் படித்தார்கள். மனிதன் திராட்சையைப் பழக்கியது சுமார் 11,000 வருஷத்துக்கு முன்னால், மேற்கு ஆசியாவிலும் காகசஸ் பகுதியிலும் தனித்தனியாக என்பது அதன் முடிவு. நம்ம பன்னீர் திராட்சைக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் அப்பா, அம்மா யார் என்றுகூட ஜாதகம் எடுத்தாயிற்று. பெங்களூர் ப்ளூவில் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் ரத்தம் கலந்திருக்கிறது.

அந்த அமெரிக்க ரத்தம் பெரிய விஷயம். 1860-களில் அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு ஒட்டிக்கொண்டு ஃபைலாக்சரா என்ற குட்டிப் பூச்சி பிரான்சுக்குப் போனது. வேரை உறிஞ்சி தோட்டம் தோட்டமாகக் காலி பண்ணியது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். மனிதன் எதை ஆசையாக ஊர்விட்டு ஊர் கொண்டுபோனாலும், கூடவே ஒரு பூச்சி டிக்கெட் இல்லாமல் ஏறிவிடும். திராட்சைக் கொடியில் ஃபைலாக்சரா. தண்ணீர்ப் பீப்பாயில் ஏடிஸ். 1980-களில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பழைய டயரில் புலிக் கொசு. இப்போ இந்த ஜங்ஷனில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி திரும்புகிறது என்று எண்ணிப் பாருங்க!

ஏரிக்கரையில் செல்ஃபியா?

கடைசி ஸ்டாப், செம்பரம்பாக்கம் ஏரி. சாயங்காலம் காற்று பிரமாதம். ஆனால், புதரில் உட்காரும் முன் ஒரு வார்த்தை. மருத்துவத்துக்கு முக்கியமான பூச்சி என்றால் கொசு மட்டுமில்லை. புல், புதர்களில் 'சிகர்' எனப்படும் பொடி உண்ணிக் குஞ்சுகள் இருக்கும். கண்ணுக்கே தெரியாத சைஸ். எட்டுக்கால் குடும்பம், ஆனால் குஞ்சுப் பருவத்தில் ஆறு கால்தான். இது கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு வரும். அக்குள், இடுப்பு என்று மறைவான இடத்தில் வருவதால் டாக்டரிடம் காட்டாமலே விட்டுவிடுவோம். காட்டிவிட்டால் விலை குறைந்த ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகும். காட்டாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. நோய் முற்றியவர்களுக்கு ஒரு மருந்தைவிட இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று 2023-ல் உலகத்துக்கு நிரூபித்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியதும் இதே ரோட்டில் இருக்கும் வேலூர் சி.எம்.சி.தான்.

அதனால் ஏரிக்கு, வயக்காட்டுக்குப் போய் வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "எங்கெல்லாம் போனே?" என்று டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காதீங்க. நீங்களே சொல்லிடுங்க.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை

1939-ல் மெட்ராஸ் மாகாணம் ஒரு பொது சுகாதாரச் சட்டம் போட்டது. இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டத்துக்கு அதுதான் முன்னோடி. கொசு உற்பத்தியாகிற மாதிரி தண்ணீரைத் தேக்கி வைப்பதே அதன்படி தப்பு. இன்றும் அமலில் இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகம் மாடி ஏறி வராது. வருகிறவர்கள் டி.பி.சி. பணியாளர்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டிகளைப் பார்த்து மருந்து ஊற்றுகிற அக்காக்கள். ஹாஸ்டல் கேட்டில் அவர்களை நிறுத்திவைக்காமல் உள்ளே விட்டாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி உங்களுடையது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ரூம்மேட்டைத் தட்டி எழுப்பி மாடிக்குப் போங்க. டேங்க் மூடி, ஏ.சி. தண்ணீர் விழும் டப்பா, உடைந்த பக்கெட், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. கொட்ட வேண்டியதைக் கொட்டி, மூட வேண்டியதை மூடி, தேய்க்க வேண்டியதைத் தேய்த்துக் கழுவிடுங்க. காய்ந்த முட்டை பக்கெட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீங்க. மொத்தமே அரை மணி நேரம்தான்.

அப்படிப் பார்க்கும்போது, 'இது என்ன புழு?' என்று ஒரு கேள்வி உங்களுக்குள் கிளம்பினால் விட்டுடாதீங்க. புதுச்சேரியில் 1975-லிருந்து ஐ.சி.எம்.ஆரின் நோய்ப் பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. டெங்கு வைரஸை வளரவிடாத வொல்பாக்கியா பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள்ளேயே குடிவைத்து 2022-ல் செய்தியில் வந்த இடம் அது. அங்கே எம்.எஸ்ஸி. பொது சுகாதாரப் பூச்சியியல் படிக்கலாம். பூச்சியைப் பார்த்து ஓடாத லைஃப் சயின்ஸ் மாணவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லாத துறை. அதற்கான முதல் பிராக்டிகல் கிளாஸுக்கு ஃபீஸ் கிடையாது. ஒரு டார்ச்சும், ஒரு வெள்ளைக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் மாடிக்குப் போனால் போதும்!